தோட்டத்திலிருந்தே கணிப்பு மென்பொருளை ஆயத்தம் செய்வது எப்படி: முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து, பொறியியல் பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ போகக் காத்திருக்கும் மலையக மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே போன சில வாரங்களிலேயே, தாயங்களைப் பெருக்கவும், ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கவும், பரிசோதனையில் எடுத்த அளவீடுகளை வரைபாக்கவும் ஒரு கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்வார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்துகொண்டு அதை என் மடிக்கணினியில் சரியாக இயங்க வைக்க எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது. கடையில் பணம் கொடுத்து ஏமாந்தேன். இரண்டு முறை டேட்டா முழுவதையும் இழந்தேன். ஆவணங்களில் பெயர் பொருந்தாமல் வாரக்கணக்கில் காத்திருந்தேன். சரியான வரிசையில் செய்திருந்தால் ஓர் இரவும் ஒரு பகலும் போதுமாக இருந்திருக்கும், டேட்டாவைத் தவிர வேறு செலவும் வந்திருக்காது. அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. முதலில் பாடக்குறிப்பை வாங்குங்கள்

எந்த மென்பொருள் வேண்டும் என்பதை மூத்த மாணவர்களின் பேச்சைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம். பாடக்குறிப்பையும் கடந்த ஆண்டின் செய்முறைத் தாள் ஒன்றையும் வாங்கிப் பாருங்கள். அவற்றில் மூன்று விடயங்களைத் தேட வேண்டும்: செய்நிரல் கோப்பையே சமர்ப்பிக்க வேண்டுமா அல்லது விடையையும் வரைபையும் அச்சிட்டுக் கொடுத்தால் போதுமா, சிமுலிங்க் என்ற, கட்டங்களை இணைத்து மாதிரி அமைக்கும் கட்டப்பட முறை எங்கேனும் குறிப்பிடப்பட்டுள்ளதா, டூல்பொக்ஸ் எனப்படும் மேலதிகத் தொகுதி எதையாவது பெயர் சொல்லிக் கேட்கிறார்களா.

பெரும்பாலான பாடக்குறிப்புகள் மெட்லாப் என்ற பெயரையே சொல்லும். மெத்வேர்க்ஸ் நிறுவனத்தின் அந்த மென்பொருளுக்குப் பணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். ஆனால் தாயங்கள், சமன்பாடுகள், வரைபுகள், எண்சார் தொகையீடு ஆகிய முதலாம் ஆண்டு வேலைகளுக்கு க்னூ ஒக்டேவ் என்ற இலவச மென்பொருள் போதுமானது. அதன் கட்டளை மொழி பெரும்பாலும் மெட்லாப்பின் மொழியே. சிமுலிங்க் கேட்டிருந்தால் ஒக்டேவ் உதவாது, ஏனெனில் சிமுலிங்க் மாதிரிக் கோப்புகளை அதில் திறக்க முடியாது. சைலாப் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் எக்ஸ்கொஸ் என்ற கட்டப்பட வசதி உண்டு. கருத்தைப் பழகிக்கொள்ள அது உதவுமே தவிர, சிமுலிங்க் கோப்பைச் சமர்ப்பிக்கச் சொன்னால் சிமுலிங்கையேதான் பயன்படுத்த வேண்டும். எண்ணாக இல்லாமல் குறியீடாகவே வகையிடவும் தொகையிடவும் மெக்ஸிமா இருக்கிறது. புள்ளிவிபரவியல் பாடமென்றால் ஆர் (R) அல்லது பைதன் என்ற செய்நிரல் மொழியைக் கேட்பார்கள், இரண்டும் இலவசம்.

2. கணினி எதைத் தாங்கும் என்று பாருங்கள்

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற வரிசையில் போனால் நினைவகத்தின் அளவும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரியும். மெட்லாப் 2015ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்புக்குப் பின்னர் 32 பிட் விண்டோஸுக்கு வருவதில்லை. அதன் புதிய பதிப்புகள் குறைந்தது 8 கிகாபைட் நினைவகத்தையும் கேட்கின்றன. 4 கிகாபைட் உள்ள பழைய கணினியில் ஒக்டேவ் நன்றாகவே ஓடும், திறக்கும்போது மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். வன்தட்டில் குறைந்தது 5 கிகாபைட் வெற்றிடம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். விண்டோஸ் 7 இல் உள்ளவர்கள் பைதனின் 3.9 முதலான பதிப்புகள் அதில் நிறுவப்படா என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

3. ஆவணங்களில் பெயரை ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்

ஒக்டேவுக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. ஆனால் பின்னர் மாணவர் உரிமமோ மாணவர் சலுகையோ வேண்டுமென்று எந்த மென்பொருள் நிறுவனத்தை நாடினாலும், நீங்கள் மாணவர் என்பதை நிரூபிக்கும்படி கேட்பார்கள். பல்கலைக்கழகம் தரும் மின்னஞ்சல் முகவரி இருந்தால் பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். அது இன்னும் கிடைக்கவில்லை என்றால் மாணவர் அடையாள அட்டையின் படமோ பதிவுக் கடிதமோ கேட்கப்படும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது; மாணவர் அட்டையிலோ முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. நான் இணையக் கணக்கைத் திறந்தபோது முழுப் பெயரையும் எழுதினேன். அனுப்பிய அட்டையிலுள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றல்ல என்று விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. தோட்டங்களில் பிறந்த பலருக்கு இந்தப் பெயர்ப் பிரச்சினை உண்டு. ஆகவே கணக்கைத் திறக்கும் முன், எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதில் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, முதலெழுத்து, இடைவெளி, எழுத்துக்கூட்டல் எல்லாவற்றோடும் அப்படியே எழுதுங்கள். முதலெழுத்துகளின் விரிவையும் சேர்த்துக் காட்டும் உறுதிக் கடிதம் ஒன்றைப் பீட அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, வெளிச்சமான இடத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டால் வேறு தேவைகளுக்கும் உதவும். அதற்குச் சில வேலை நாட்கள் பிடிக்கலாம் என்பதால் பதிவு நாளன்றே கேட்டுவிடுங்கள்.

பணம் செலுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு செய்யக்கூடிய வங்கி அட்டை வேண்டும். பல டெபிட் அட்டைகளில் அந்த வசதி முதலில் மூடப்பட்டிருக்கும்; வங்கியிடம் சொல்லித் திறக்க வேண்டும். லயத்து வீடுகளுக்கான கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்வதால், புதிய அட்டையைத் தபாலில் அனுப்பாமல் கிளையிலேயே வைத்திருக்கச் சொல்லி நேரில் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது. அடையாள அட்டையிலுள்ள முகவரியும் இப்போதைய முகவரியும் வேறாக இருந்தால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை வங்கி கேட்கக்கூடும். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டியிருப்பதால் இரண்டு அலுவலகங்களுக்குப் போகும் நாளையும் கணக்கில் எடுங்கள்.

4. பணத்தைச் செலவிடும் முன் இதை வாசியுங்கள்

மெட்லாப்பின் விலை அமெரிக்க டொலரில் குறிக்கப்படுகிறது. டொலர் ஏறக்குறைய 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு 10 டொலரும் 3,000 ரூபா. வங்கி அட்டைக்குப் போடும் மாற்று வீதம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அடிப்படை மென்பொருளுக்கு ஒரு விலை, டூல்பொக்ஸ்களுக்கு வேறு விலை. எனவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வளாகம் முழுவதற்குமான உரிமம் இருக்கிறதா என்று கணினி நிலையத்தில் கேளுங்கள். இருந்தால் உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டே இலவசமாகப் பெறலாம். இல்லாவிட்டாலும், மெட்லாப் ஒன்லைன் என்ற இணைய வழிச் சேவையில் இலவசக் கணக்கொன்றைத் திறந்து மாதத்துக்கு 20 மணித்தியாலம் உலாவியிலேயே வேலை செய்யலாம். அந்த 20 மணித்தியாலத்தையும் பழகுவதற்குச் செலவழித்துவிடாமல், ஒக்டேவில் எழுதிய செய்நிரலைச் சமர்ப்பிக்கும் முன் சரிபார்ப்பதற்கென்று ஒதுக்கிவையுங்கள். 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பையும் விடுமுறையில் தொடங்கி வீணாக்க வேண்டாம். செய்முறை வகுப்பு ஆரம்பித்த பிறகு தொடங்கினால்தான் அதற்குப் பயன் உண்டு.

அடுத்து, நான் மனம் நொந்து சொல்லும் எச்சரிக்கை. நகரத்துக் கடைகளில் சில ஆயிரம் ரூபாவுக்கு மெட்லாப்பைப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். அது உரிமப் பூட்டை உடைத்த பிரதி. அதை நிறுவ வைரஸ் தடுப்பியை நிறுத்த வேண்டும், பிறகும் அதை நிறுத்தியே வைத்திருக்கச் சொல்வார்கள். நான் அப்படி ஒரு கடையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் என் ஆவணங்கள் எவையும் திறக்கவில்லை. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் வாங்கிய கணினியை முழுமையாக அழித்து மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. செய்முறை அறிக்கைகள் இரண்டு அதோடு போயின. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் ஒன்று அதே வேலையைச் செய்யும்போது இந்த வழிக்கு யாரும் போகக்கூடாது.

5. பதிவிறக்கத்தை இரவுக்கு வையுங்கள்

ஒக்டேவின் விண்டோஸ் நிறுவி சில நூறு மெகாபைட் அளவுடையது. மெட்லாப்பை நிறுவுவதென்றால் பல கிகாபைட் வேண்டும்; நிறுவும்போது தேவையான டூல்பொக்ஸ்களை மட்டும் தெரிவுசெய்யாவிட்டால் அது இன்னும் பெருகும். பைதனுக்கு அனகொண்டா என்ற பெரிய தொகுப்புக்குப் பதில் மினிகொண்டாவை இறக்கி, வேண்டிய பொதிகளைத் தனித்தனியே சேர்த்துக்கொள்வது டேட்டாவை மிச்சப்படுத்தும்.

நம் நாட்டு டேட்டாப் பொதிகள் பலவற்றில் எந்நேர டேட்டா வேறு, நள்ளிரவுக்குப் பின்னான இரவு டேட்டா வேறு. இரவு டேட்டா முடியும் நேரத்தை உங்கள் பொதியின் நிபந்தனையில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கம் அந்த நேரத்தைத் தாண்டி ஓடினால் பகல் டேட்டா கரையத் தொடங்கும், யாரும் உங்களை எழுப்பிச் சொல்ல மாட்டார்கள். நான் முதலில் இழந்தது இப்படித்தான். இரண்டாவது முறை குற்றவாளி விண்டோஸின் தானியங்கிப் புதுப்பிப்பு: நான் ஒக்டேவ் இறங்குகிறது என்று நினைத்திருக்க, கணினி தன் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்ததும், அந்த இணைப்பின் அமைப்புக்குள் போய் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதை இயக்கிவிட்டால் இது பெருமளவு தடுக்கப்படும்.

கணினி தூக்க நிலைக்குப் போனால் பதிவிறக்கம் நின்றுவிடும் என்பதால் அன்றிரவு தூக்க நிலை அமைப்பை நிறுத்திவையுங்கள். மின்கலத்தை மாலைக்குள் முழுவதும் நிரப்பிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்கினால் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சிக்னல் எங்கே நிலையாகக் கிடைக்கிறது என்பதை முந்தைய நாளே பார்த்து வையுங்கள். எங்கள் டிவிஷனில் அது கோயில் மேடு. லயத்துக்குள் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்துபோகும். அறுந்த இடத்திலிருந்து தொடரக்கூடிய பதிவிறக்க மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். இறங்கிய பிறகு கோப்பின் அளவு இணையத்தளத்தில் குறித்துள்ள அளவோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் நிறுவத் தொடங்க வேண்டாம்.

ஒக்டேவ், சைலாப், மெக்ஸிமா ஆகியவற்றின் உரிமம் பிரதியெடுத்துக் கொடுப்பதை அனுமதிக்கிறது. எனவே ஒருவர் இறக்கிய நிறுவியைப் பென் டிரைவில் எடுத்து அந்தத் தோட்டத்து மாணவர் எல்லோருக்கும் கொடுக்கலாம், இதில் எந்தத் தவறும் இல்லை. பல்கலைக்கழகக் கணக்கு கையில் கிடைத்த பிறகு வளாகத்தின் எடுரோம் வைஃபையில் இறக்கிக்கொள்வது எல்லாவற்றிலும் இலகுவான வழி.

6. நிறுவுதல்

நிறுவி காட்டும் கோப்புறையை மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாத ஆங்கிலப் பெயராக வையுங்கள். உங்கள் செய்நிரல்களை வைக்கும் கோப்புறைக்கும் இதே விதி. தமிழில் பெயரிட்ட கோப்புறைக்குள் வைத்த செய்நிரல்கள் ஏன் ஓடவில்லை என்று நான் பல நாள் தேடியிருக்கிறேன். நிறுவி முடிந்ததும் இரண்டு ஐகன்கள் தோன்றும். ஒன்று கறுப்புத் திரையில் கட்டளை வரியை மட்டும் தரும். மற்றது செய்நிரல் எழுதும் சாளரம், கோப்புப் பட்டியல் எல்லாவற்றுடனும் திறக்கும். புதியவர்களுக்கு இரண்டாவதே வேண்டும், அதன் பெயரில் ஜியூஐ என்று இருக்கும்.

விண்டோஸ் பதிப்பில் சமிக்ஞை, கட்டுப்பாடு, புள்ளிவிபரவியல் போன்ற பொதிகள் பல ஏற்கனவே உடன் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு முறை ஒக்டேவைத் திறக்கும்போதும் வேண்டிய பொதியை ஏற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒரு சார்பு வரையறுக்கப்படவில்லை என்று பிழைச் செய்தி வந்தால் அதை முழுவதும் வாசியுங்கள். பொதி நிறுவப்பட்டுள்ளது, ஏற்றப்படவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் மென்பொருள் பழுது என்று நினைத்து மீண்டும் இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. சரியாக ஓடுகிறதா என்று சோதியுங்கள்

கட்டளைச் சாளரத்தில் [2 1; 1 3] \ [3; 5] என்று எழுதி என்டரை அழுத்துங்கள். 0.8000, 1.4000 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தால் மென்பொருள் சரி. முதல் மாறியின் இரு மடங்கோடு இரண்டாவதைக் கூட்டினால் 3, முதல் மாறியோடு இரண்டாவதன் மும்மடங்கைக் கூட்டினால் 5 என்ற ஒருங்கமை சமன்பாட்டைத்தான் அந்த ஒரு வரி தீர்த்திருக்கிறது. அடைப்புக்குள் இடைவெளி ஒரே நிரையின் உறுப்புகளைப் பிரிக்கிறது, அரைப்புள்ளி அடுத்த நிரைக்குக் கொண்டுபோகிறது.

அடுத்து [1 2 3] * [1 2 3] என்று எழுதுங்கள். பரிமாணம் பொருந்தவில்லை என்று பிழை வரும். [1 2 3] .* [1 2 3] என்று புள்ளி வைத்து எழுதினால் 1 4 9 என்று வரும். புள்ளியில்லாத பெருக்கல் தாயப் பெருக்கல். புள்ளியோடு கூடியது உறுப்புக்கு உறுப்பு பெருக்குவது. அடுக்குக்கும் வகுத்தலுக்கும் இதே விதி. முதலாம் ஆண்டில் வரும் பிழைகளில் பாதியாவது இந்த ஒரு புள்ளியால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதாக 0.1 + 0.2 - 0.3 என்று கொடுங்கள். பூச்சியம் வராது; ஏறக்குறைய 5.55 × 10⁻¹⁷ என்ற மிகச் சிறிய எண் வரும். கணினி எண்களைத் துவித முறையில் வைத்திருப்பதால் 0.1 போன்ற தசமங்களை முழுத் துல்லியத்தோடு வைக்க முடியாது. சுமார் 15, 16 இலக்கங்கள் வரையே நம்பலாம். எனவே இரண்டு தசம எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காமல், அவற்றின் வித்தியாசம் ஒரு சிறிய எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்கும்படி செய்நிரலை எழுதுங்கள். திரையில் 4 தசம தானங்களே தெரிவது காட்சிக்கு மட்டும்தான், உள்ளே முழு இலக்கங்களும் இருக்கின்றன. ஃபோர்மட் லோங் என்ற கட்டளை அவற்றைக் காட்டும்.

8. ஒக்டேவில் எழுதி மெட்லாப்பில் சமர்ப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

உங்கள் செய்நிரலை விரிவுரையாளர் மெட்லாப்பில் ஓட்டிப் பார்ப்பார் என்றால், ஒக்டேவ் மட்டும் ஏற்றுக்கொள்ளும் சலுகைகளைத் தொடக்கத்திலிருந்தே தவிர்த்துப் பழகுங்கள். குறிப்புரைக்கு # என்ற குறியை ஒக்டேவ் ஏற்கும், மெட்லாப் ஏற்காது. இரண்டுக்கும் பொதுவானது % குறி. சமனில்லை என்பதற்கு != என்று எழுதினால் ஒக்டேவில் ஓடும், மெட்லாப்பில் ஓடாது; ~= என்று எழுதினால் இரண்டிலும் ஓடும். += என்ற சுருக்கமும் அப்படியே ஒக்டேவுக்கு மட்டும் உரியது. நிபந்தனையையும் மீள்செயலையும் முடிக்க ஒக்டேவில் எண்டிஃப், எண்ட்ஃபோர் என்று எழுதலாம். மெட்லாப்புக்கு எண்ட் மட்டுமே தெரியும்.

தரவுகளைச் சேமிப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒக்டேவ் தன் இயல்பில் சேமிக்கும் கோப்பு அதற்கே உரிய உரை வடிவிலானது, அதை மெட்லாப் வாசிக்காது. சேமிக்கும் கட்டளையோடு -v7 என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் மறுபக்கம் திறக்கும். செய்நிரல் கோப்பின் பெயர் எண்ணில் தொடங்கக்கூடாது, அதில் இடைவெளியோ சிறு கோடோ இருக்கக்கூடாது. பலர் செய்முறையின் இலக்கத்தை முன்னால் வைத்துப் பெயரிட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று திகைப்பார்கள். சார்பைக் கொண்ட கோப்பானால் சார்பின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

9. விடை குறியீடாக வேண்டுமென்றால்

ஒக்டேவில் 1/3 என்று கொடுத்தால் 0.3333 வரும், மெக்ஸிமாவில் 1/3 ஆகவே நிற்கும். இணைந்த கணிதத்தில் கையால் செய்த வகையீட்டையும் தொகையீட்டையும் சரிபார்க்க இதைவிட நல்ல துணையை நான் கண்டதில்லை. டபிள்யூஎக்ஸ்மெக்ஸிமா என்ற முகப்போடு நிறுவுங்கள். என்டரை மட்டும் அழுத்தினால் அடுத்த வரிக்குத்தான் போகும், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால்தான் கணிக்கும். மாறிக்கு மதிப்புக் கொடுக்கச் சமன் குறி அல்ல, முக்காற்புள்ளி வேண்டும். வரையறாத் தொகையீட்டில் அது மாறிலியைச் சேர்க்காது. விடைத்தாளில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

10. கணினி இன்னும் கைக்கு வரவில்லை என்றால்

கூகுள் கொலாப்பைத் தொலைபேசியின் உலாவியிலேயே திறந்து பைதனில் நம்பை, சைபை, சிம்பை பொதிகளோடு வேலை செய்யலாம். கணக்கீடு தொலைவிலுள்ள கணினியில் நடப்பதால் உங்கள் டேட்டா குறைவாகவே செலவாகும். சில நேரம் தொடாமல் விட்டாலோ சிக்னல் நீண்ட நேரம் போனாலோ அமர்வு முடிந்துவிடும், அதற்குள் ஏற்றிய தரவுக் கோப்புகளும் அழிந்துவிடும். அவற்றைக் கூகுள் டிரைவில் வைத்து அங்கிருந்து இணையுங்கள். பைதனில் உறுப்புகளை 0 இலிருந்து எண்ணுவார்கள், ஒக்டேவிலும் மெட்லாப்பிலும் 1 இலிருந்து; இரண்டையும் மாறி மாறிப் பழகுபவர்கள் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

11. சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னரே வேலையை முடிக்கத் திட்டமிடுங்கள், ஏனெனில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு மரம் மின்கம்பியில் விழுந்தால் ஒரு பகல் முழுவதும் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் போகலாம். ஒக்டேவை மூடி மீண்டும் திறந்து, பழைய மாறிகள் எதுவும் நினைவகத்தில் இல்லாத நிலையில் செய்நிரலைத் தொடக்கத்திலிருந்து ஒரு முறை ஓட்டுங்கள். முன்னர் ஓடியது இப்போது ஓடாவிட்டால் எங்கோ ஒரு மாறிக்கு நீங்கள் கோப்புக்குள் மதிப்புக் கொடுக்கவில்லை என்று பொருள். பிறகு மெட்லாப் ஒன்லைனில் ஏற்றி அங்கும் ஒரு முறை ஓட்டுங்கள். அதில் பிழை வராவிட்டால், கோப்பின் பிரதி ஒன்றைப் பென் டிரைவிலும் இன்னொன்றை உங்களுக்கே அனுப்பிய மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டு அன்றிரவே சமர்ப்பித்துவிடுங்கள்.